பெரிய வெள்ளியில் பட்டினி கிடந்த குதிரை

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு தம்பிராசா உப்புவெளிக் கடற்கரைக்குச் சைக்கிளை மிதித்தார். வயிறு ஒட்டிக் கிடந்தது. மனம் மட்டும் நிறைந்து வழிந்தது. பெரிய வியாழன் இரவு உண்டதுதான். அதற்குப் பிறகு ஒரு பருக்கை அவர் வாய்க்குள் போகவில்லை. வீட்டில் மனைவி சீலா பாணும் இறைச்சிக் கறியும் ஆயத்தமாக வைத்திருந்தாள். ஆனால் தன்னோடு நோன்பிருந்த சீவன்கள் முதலில் உண்ணவேண்டும், பிறகுதான் தான் உண்பது என்று தம்பிராசா தமக்குள் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். அன்புவழிபுரத்து வீட்டில் நின்ற பசுவுக்கு விடியவே வைக்கோல் போட்டாயிற்று. நாய்க்குப் பாண் துண்டு கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது குதிரைதான்.

கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் டயமன் நின்றது. காப்பி நிறப் பெண்குதிரை, நெற்றியில் சீட்டுக்கட்டு டயமன்போல வெள்ளைக் கட்டம். அதனால்தான் அந்தப் பெயர். சைக்கிள் மணி கேட்டதும் காதை நிமிர்த்தி ஒரு கனைப்புக் கனைத்தது. தம்பிராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல்நாள் பொழுதுபடவே ஊறப் போட்டிருந்த கடலையோடு தவிடும் பனங்கட்டியும் சேர்த்துப் பிசைந்து, வாளி தளும்பத் தளும்ப முன்னே வைத்தார். திருநாள் அல்லவா. மனிதர் இரண்டு கறி கூடவைத்து உண்ணும் நாளில் வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாளி கூடாதா?

குதிரை மெல்லவில்லை, விழுங்கியது. வாளியின் அடியை நக்கித் தீர்த்தபின் மூக்கால் அவர் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டியது. இன்னும் கொஞ்சம் போட்டார்.

தம்பிராசாவைக் குதிரைக்காரர் என்று கடற்கரை அழைக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன்னே கரைவலை இழுத்தார், கட்டட வேலைக்குக் கல் சுமந்தார். எந்த வேலைக்குப் போனாலும் வீட்டில் ஒரு மாடு நின்றது. ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கையில் ஊர் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் போகும் வயது தாண்டிவிட்டது. செபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். மாட்டை மட்டும் எழுத்துக் கூட்டாமலே வாசிப்பார். அதன் மூக்கு காய்ந்தால் என்ன, காது தொங்கினால் என்ன என்று அயலார் அவரைத்தான் கேட்பார்கள்.

கிண்ணியா ஜமால்தீன், நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த டயமனை வாங்கிவந்து கடற்கரையில் உல்லாசப் பயணிகளை ஏற்றி நடத்தத் தொடங்கியபோது, கயிறு பிடித்து நடக்க ஓர் ஆள் தேடினார். குதிரைக்குக் கோபம் வந்தாலும் ஆளுக்கு வரக்கூடாது, அதுதான் அவர் எதிர்பார்த்த தகுதி. பலரும் தம்பிராசாவைக் கைகாட்டினார்கள். அன்றிலிருந்து கயிறு பிடிப்பதும் குளிப்பாட்டுவதும் கொட்டில் கூட்டுவதும் தம்பிராசாவின் வேலை. தீனி போடுவதை மட்டும் ஜமால்தீன் யாரிடமும் விடவில்லை. காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் தானே வந்து போடுவார்.

இந்தப் பங்குனிக் கடைசியில் ஜமால்தீன் இன்னொரு குதிரை பார்க்க நுவரெலியாவுக்குப் புறப்பட்டார். போகுமுன் தம்பிராசாவைக் கூப்பிட்டு, புல்லு எந்நேரமும் முன்னால் கிடக்கவேண்டும், கடலை ஒரு பிடிக்கு மேலே வேண்டாம் என்று சொன்னார்.

"நான் வரும் வரைக்கும் இவள் உங்கட பொறுப்பு, தம்பிராசா. உங்கட பிள்ளை எண்டு நினைச்சுப் பாருங்க."

அந்தப் பேச்சுத்தான் தம்பிராசாவின் மனதில் போய் வேறோர் இடத்தில் உட்கார்ந்தது.

போன வருஷம் சீலாவின் மார்பில் ஒரு கட்டி கண்டது. துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் தம்பிராசா ஆலயத்துக்குப் போய் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டார். கட்டி கெட்டதாக இல்லாவிட்டால், ஒவ்வொரு தவக்காலத்திலும் பெரிய வியாழன் இரவிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுவரைக்கும் தானும் தன் பொறுப்பில் இருக்கிற எல்லாச் சீவனும் உண்ணாமல் கிடப்பது, பெரிய வெள்ளியன்று தண்ணீரும் தொடுவதில்லை. மிருகத்தை ஏன் இதற்குள் இழுத்தார் என்றால், அது அவர் வீட்டு வழக்கம். அவருடைய தகப்பன் பெரிய வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிவரைக்கும் மாட்டுக்கு வைக்கோல் போடமாட்டார். ஆண்டவர் சிலுவையில் தொங்கும்போது மாடும் அசை போடக்கூடாது என்பார். ஒரு பழைய நகரத்து அரசன் ஆடுமாடுகளையும் சேர்த்து நோன்பிருக்கச் செய்தான், அந்த நகரமே தப்பியது என்று பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறார். தகப்பனின் அரைநாள் வழக்கத்தை மகன் நன்றிப் பெருக்கில் நீட்டிவிட்டார்.

கட்டி சாதாரணக் கொழுப்புக் கட்டிதான் என்று வந்தது. போன வருஷம் நாயும் பசுவும் அவரோடு நோன்பிருந்தன. பசு படுத்தபடி கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டே நாளைக் கடத்தியது. ஒரு சேதமும் இல்லை. இந்த வருஷம் பொறுப்பில் குதிரையும் சேர்ந்திருந்தது. அதை விட்டுவிட்டால் ஆண்டவரிடம் கணக்கில் ஏமாற்றுவதாகாதா?

வெள்ளிக்கிழமை டயமன் கொட்டிலின் மரச் சட்டத்தைப் பல்லால் கறண்டியது. எட்டிய கிடுகை இழுத்துத் தின்றது. தம்பிராசா சட்டத்தில் சாக்குச் சுற்றினார், கிடுகை அதன் வாய்க்கெட்டாமல் உயர்த்திக் கட்டினார். சோதனைக்காரன் மிருகத்துக்குள்ளும் புகுந்து சோதிப்பான் என்று நினைத்துக்கொண்டார். புல்லுக்காரர் அபூதாஹிர் வியாழக்கிழமை போட்டுவிட்டுப் போன புல்லுக்கட்டைக் குதிரையின் கண்ணில் படாமல் படங்குச் சீலையால் மூடி வைத்தார். மத்தியான வெயிலில் அது நாக்கை நீட்டி வெறும் தொட்டியை நக்கியபோது அவரால் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பொழுதுபடவும் ஒருமுறை கொடுத்தார்.

அது நேர்த்தி மீறல். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, இரங்கித் தண்ணீர் கொடுத்ததைத்தான் பாவமென்று பங்குச் சுவாமியிடம் முறையிட்டார். பின்னால் நீண்ட வரிசை நின்றது. சுவாமி எதற்கு, யாருக்கு என்று துருவாமல் ஒரு செபத்தைச் சொல்லிப் போகச் சொன்னார். அவர் இலேசான மனதோடு வீட்டுக்கு வந்தார்.

அந்த இலேசு ஞாயிறு மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை.

வாளி காலியாகிச் சற்று நேரத்தில் டயமன் முன்காலால் மணலைக் கிண்டத் தொடங்கியது. பிறகு தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது, யாரோ அங்கே குத்தினாற்போல. மேலுதட்டைச் சுருட்டியது. பெருமூச்சு விட்டுப் படுத்தது, எழும்பியது, மறுபடி படுத்து நான்கு காலும் ஆகாயம் பார்க்க உருண்டது. பக்கத்தில் டொல்பின் பார்க்கப் படகு விடும் பிரகலாதன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணை, உயிர்த்த ஞாயிறெண்டு குதிரையும் ஆடுதோ?" என்று பகிடி விட்டான். கிட்டே வந்து கண்ணைப் பார்த்ததும் அவனுடைய சிரிப்பு நின்றது. குதிரையின் கழுத்து வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

தம்பிராசாவுக்குத் தெரிந்தது மாட்டு வைத்தியம். வயிறு ஊதினால் இஞ்சியும் உள்ளிப்பூண்டும் இடித்துக் கரைத்து மூங்கில் குழலால் தொண்டைக்குள் விடுவது. பிரகலாதனின் சமையல் கொட்டிலுக்கு ஓடி இஞ்சி வாங்கிவந்து இடிக்கத் தொடங்கினார். அவன் அதற்குள் மிருக வைத்தியர் தர்சிகாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டான். விடுமுறை நாள் என்றும் பாராமல் அந்தப் பிள்ளை வரச் சம்மதித்தாள். தான் வரும்வரை ஒரு துளியும் வாயால் ஊற்றவேண்டாம், படுக்க விடாமல் மெல்ல நடத்துங்கள் என்று சொன்னாளாம். தம்பிராசா இடித்த இஞ்சியைக் கையில் வைத்தபடியே நடத்தினார்.

அடுத்த அழைப்பு ஜமால்தீனுக்குப் போனது. பிரகலாதனின் கைத்தொலைபேசி சத்தமாகப் பேசும்படி விடப்பட்டிருந்தது. மலைநாட்டில் இருந்து ஜமால்தீன் ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலையில் ஓடவிட்டீர்களா? இல்லை. கடற்தண்ணீர் குடித்ததா? இல்லை. வழமையான தீனிதானே போட்டீர்கள்?

"ஓம் முதலாளி, வழமையானதுதான்" என்றார் தம்பிராசா.

எப்படி அது வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சேவல் கூவுமுன் பேதுருவானவர் ஆண்டவரைத் தெரியாதென்று மறுதலித்த கதையைப் பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் கேட்டுக் கண்ணீர் விட்டவர். சேவல் ஒன்று கூவாததுதான் குறை.

ஜமால்தீன் பல்லைக் கடித்தது இங்கே கேட்டது. அப்படியென்றால் புல்லுத்தான். அபூதாஹிர் எங்கேயோ மருந்து தெளித்த வயல் வரம்பில் வெட்டியிருக்கிறான், அல்லது பூஞ்சணம் பிடித்த பழசைக் கட்டிக் கொடுத்திருக்கிறான். அவனை இனி இந்தப் பக்கம் காணக்கூடாது என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். தம்பிராசா கயிற்றைப் பிடித்து மறுபடி குதிரையை நடத்தினார்.

தர்சிகா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மெலிந்த பிள்ளை, குதிரையின் தோளுக்குத்தான் வருவாள். கண்ணிமையை விரித்துப் பார்த்தாள், பல் முரசை அழுத்திப் பார்த்தாள், பிறகு குழாயைக் காதில் மாட்டி இடப் பக்க விலாவில் வைத்து நெடுநேரம் நின்றாள். வலப் பக்கம் வந்தும் அப்படியே நின்றாள். கடைசியில் குழாயைக் கழற்றித் தம்பிராசாவின் காதில் மாட்டிவிட்டாள்.

"என்ன கேக்குது, அண்ணை?"

"ஒண்டும் இல்லை, டொக்டர்."

"ஒண்டும் கேக்காததுதான் இதின்ர நோய். இதுக்குள்ள எந்நேரமும் இரைஞ்சுகொண்டே இருக்கவேணும். கோணேசர் மலைக்குக் கீழ கடல் அடிக்குமே, அப்பிடி."

இடித்த இஞ்சியைக் கண்டதும் அதை வாங்கி ஓரமாக வைத்தாள். மாட்டுக்கென்றால் சரி, இது மாடு இல்லை என்றாள். கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டே, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்குமாகச் சொல்லிக்கொண்டு போனாள். மாட்டுக்குச் சமைக்கிற குசினி வீட்டு முகப்பிலேயே இருக்கிறது. நாலு அறை இரைப்பை. போட்டதை அங்கே சேர்த்துவைத்து, நுரைக்கவிட்டு, வேண்டியபோது வாய்க்கு எடுத்து அசை போட்டு உண்ணும். ஒரு நேரம் தீனி இல்லையென்றால் சேர்த்தது உதவும். குதிரைக்கோ இரைப்பை அந்தப் பெரிய உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிறிய பை. அதில் நிரப்பி வைக்கவும் ஏலாது, வெறுமையாகப் போடவும் ஏலாது. புல்லு வருகிறதோ இல்லையோ அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். பித்தத்தைப் பிடித்து வைக்கிற பை மற்ற மிருகங்களுக்கு உண்டு, குதிரைக்கு இல்லை. பித்தம் இரவு பகலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயப் பிறந்த சீவன். அதன் குசினி வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. வலப் பக்கத்தில் பீப்பாய் போல ஒரு பெரிய குருட்டுக் குடல். புல்லின் நாரை நுரைக்க வைத்து உயிர் கொடுக்கிற நுண்ணுயிர்கள் கோடி கோடியாக அதற்குள் இருக்கின்றன. அவைக்கும் பசி உண்டு.

"எல்லாத்திலயும் பெரிய விசயம், குதிரைக்குச் சத்தி, வாந்தி எடுக்க ஏலாது. தொண்டையில இருந்து வயித்துக்குப் போற வாசல் ஒருவழிக் கதவு. பிழையாப் போனது திரும்பி வராது."

தன் தொண்டையிலும் அப்படியொரு கதவு இருப்பதுபோலத் தம்பிராசாவுக்குப் பட்டது.

இந்த நேரம்பார்த்துத்தான் அபூதாஹிர் வந்து சேர்ந்தார். ஜமால்தீன் தொலைபேசியில் ஏசிய ஏச்சைக் கேட்டு, கிண்ணியாப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்திருக்கிறார். அறுபதை எட்டிய மனிதர், அண்ணன் முறையில் தம்பிராசா நானா என்று கூப்பிடுகிறவர். கந்தளாய்க் குளத்து வாய்க்கால் ஓரம் புல்லு வெட்டிக் கொண்டுவருகிறவர். கையில் ஒரு பிடி புல்லு வைத்திருந்தார். சலாம் சொல்லக்கூட நிற்கவில்லை. டொக்டருக்கு முன்னால் வந்து நின்று, அந்தப் புல்லை வாயில் போட்டு மென்றார்.

"வியாழக்கிழமை வெட்டின அதே இடத்துப் புல்லு, மகள். நஞ்செண்டா முதல்ல நான் மவுத்தாகுறன். நீங்க பாத்துக்கிட்டு நில்லுங்க."

பிரகலாதன் அவருடைய கையைப் பிடித்து இழுத்தான். அவர் துப்பவில்லை. பச்சைச் சாறு தாடியில் வடிந்தது. தம்பிராசாவை நிமிர்ந்து பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க தம்பி, என்ட புல்லு எப்பவாச்சும் பழசா இருந்திச்சா?" என்றார்.

இல்லை நானா என்று சொல்லவேண்டும். அது ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அடுத்ததையும் சொல்லவேண்டி வரும். தம்பிராசா குதிரையின் கழுத்தைத் தடவினார். அபூதாஹிரின் முகத்தைப் பார்க்கவில்லை.

தர்சிகா குதிரையின் மூக்கால் ஒரு நீண்ட குழாயைச் செலுத்தி இரைப்பை வரைக்கும் இறக்கினாள். வயிறு நிரம்பியிருந்தால் உள்ளே கிடப்பது தானாக வெளியே வரும் என்றாள். குழாயின் நுனியை வாளிக்குள் தாழ்த்திப் பிடித்தாள். இரண்டு சொட்டு வந்தது, வேறொன்றும் வரவில்லை. அப்போ இரைப்பை வெறுமைதான், அடைப்புப் பின்குடலில் காய்ந்த புல்லால்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினாள். பெரிய வாளியில் வெந்நீரும் மருந்தெண்ணெயும் கலக்கினாள். அதைக் குழாயால் உள்ளே விட்டால் அடைப்பு இளகும்.

வாளியை உயர்த்துமுன் வழக்கப்படி ஒருமுறை கேட்டாள். காலையில் என்ன கொடுத்தீர்கள்?

குதிரை தம்பிராசாவின் தோளில் தலையைச் சாய்த்திருந்தது. அதன் மூச்சில் புளித்த கடலை வாசம் வந்தது. இரைப்பை வெறுமை என்கிறாள். இரைப்பைக்குள் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் இரண்டு சீவன்களுக்குத்தான் தெரியும். அதில் ஒன்றுக்கு வாயில்லை.

"ஊத்தாதேங்கோ டொக்டர்" என்றார். "வெறுவயிறு இல்லை. ஊறின கடலை, வாளி நிறைய. பிறகு இன்னும் கொஞ்சம் போட்டனான்."

அவள் வாளியை இறக்கி வைத்தாள். "அதுக்கு முதல்?"

"ஒண்டும் குடுக்கேல்லை. வியாழக்கிழமை பின்நேரத்தில இருந்து ஒண்டுமே குடுக்கேல்லை. நேர்த்தி, டொக்டர். என்ர நேர்த்தி." பிறகு அபூதாஹிரின் பக்கம் திரும்பினார். "நானா, உங்கட புல்லை அது தின்னவே இல்லை. நான் மூடி வைச்சிட்டன்."

படங்குச் சீலையை இழுத்துக் காட்டினார். அபூதாஹிர் தன் கையால் போட்ட முடிச்சு அவிழாமல், புல்லுக்கட்டு வெயிலில் வெந்து கிடந்தது.

தர்சிகா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊறிய கடலைத் தோல் குழாயின் வாயை அடைத்திருக்கிறது, அதுதான் ஒன்றும் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிரம்பிய பைக்கு மேலே ஒரு வாளி ஊற்றியிருந்தால் அது வெடித்திருக்கும் என்றும் சொன்னாள். அவ்வளவுதான். பிறகு வேலை தொடங்கியது. கொஞ்சம் வெந்நீர் உள்ளே விடுவது, குழாயைத் தாழ்த்தி வெளியே எடுப்பது, மறுபடி விடுவது. முதலில் தோல் வந்தது. பிறகு புளித்த நுரையோடு கடலைக் கூழ் கொட்டத் தொடங்கியது. பிரகலாதன் அடுப்பில் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். அபூதாஹிர் வாளி சுமந்தார். தம்பிராசா குதிரையின் தலையைப் பிடித்தபடி நின்றார். தான் அன்போடு பிசைந்த தீனி தன் காலடியில் நாறிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார்.

கொட்டுவது நின்று தெளிந்த தண்ணீர் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குதிரை விலாவைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியது. தர்சிகா ஊசி போட்டாள். பட்டினி கிடந்த குடலில் தண்ணீராவது போயிருந்ததா, இல்லை அதுவும் இல்லையா என்று கேட்டாள்.

தம்பிராசா, சனிக்கிழமை தண்ணீர் வைத்தேன், வெள்ளிக்கிழமையும் இரண்டு தரம் கொடுத்தேன், அது நேர்த்தியில் இல்லாதது, மனம் கேளாமல் கொடுத்துவிட்டேன் என்று குற்றவாளி போலச் சொன்னார்.

"அந்தத் தண்ணிதான் அண்ணை இதைக் காப்பாத்தினது. அதுவும் இல்லாட்டி நான் வந்து பிரயோசனம் இருந்திராது."

தம்பிராசாவுக்குப் பாவசங்கீர்த்தனம் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை வரிசையில் நின்று அழுது முறையிட்டது இதைத்தானே. இரங்கியதைப் பாவமென்று சொல்லி மன்னிப்பு வாங்கினேன். இரங்காமல் விட்டதைப் புண்ணியக் கணக்கில் எழுதி வைத்தேன். ஆண்டவர் எந்த முகத்தோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

அபூதாஹிர் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். அவருடைய தாடியில் இன்னும் பச்சை இருந்தது. தம்பிராசா அவர் முன்னால் கும்பிட்டபடி நின்றார்.

"எங்கட மார்க்கத்துல நோயாளி நோன்பு பிடிக்கத் தேவல்ல, பிரயாணிக்குத் தேவல்ல, பால் குடுக்கிற தாய்க்கும் தேவல்ல" என்றார் அபூதாஹிர். "இந்த வாயில்லாச் சீவனுக்கு ஆரு தம்பி கடமையாக்கின? உங்கட ஆண்டவனா, நீங்களா?"

"நான்தான் நானா."

"என்னைப் புல்லுத் தின்ன வெச்சிட்டீங்களே."

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பகிடியாகச் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா என்று தம்பிராசாவுக்கு விளங்கவில்லை.

ஜமால்தீனுக்குத் தம்பிராசாவே தொலைபேசி எடுத்துச் சொன்னார். ஒன்றும் விடவில்லை, பொய் சொன்னதையும் சொன்னார். ஜமால்தீன், அபூதாஹிருக்கு இப்பவே எடுக்கிறேன், நான் வந்து மற்றதைக் கதைப்போம் என்ற இரண்டு வார்த்தையோடு வைத்துவிட்டார்.

ஆனால் அன்றைய தண்டனை அதுவல்ல. போகுமுன் தர்சிகா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்: குடல் மறுபடி இரையும் வரைக்கும், சாணம் போடும் வரைக்கும், ஒரு புல்லு நுனியும் கொடுக்கக்கூடாது. கொடுக்கச் சொல்லும்போது ஒரு பிடி, பிறகு பொறுத்து ஒரு பிடி. குளம்பைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். பின்குடலில் புளிப்பு மிஞ்சினால் அது குளம்பில் சூடாகத் தெரியும், நொண்டிவிடும்.

நோவு தணிந்த டயமனுக்குப் பசி வந்தது. அது அவருடைய சட்டைப் பையை மோந்தது. வாளியைக் காலால் உருட்டியது. அவர் எங்கே போனாலும் அந்தப் பெரிய கண் பின்னாலேயே வந்தது. வெள்ளிக்கிழமை அதே கண் பார்த்தபோது சோதனைக்காரன் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது. இப்போது திருப்பவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. உண்மையாகவே கட்டளை வந்த பட்டினி இதுதான். இதில் ஒரு சுகமும் இருக்கவில்லை.

பொழுதுபடும் நேரம் சீலா ஓட்டோவில் வந்தாள், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. பிரகலாதன் எல்லாம் சொல்லிவிட்டிருந்தான். அவள் குதிரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். தனக்காக வைத்த நேர்த்தி என்பதால் அவளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பாணைப் பிட்டுக் கறியில் தோய்த்து நீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். குதிரை உண்ணாமல் தனக்கு இறங்காது என்றார்.

"பிறகும் தொடங்கிட்டீங்களோ?" என்றாள் சீலா. "இனி நேர்த்தி வைக்கிறதெண்டா உங்கட வயித்துக்கு மட்டும் வையுங்கோ. அதையும் என்னட்டைக் கேட்டிட்டு வையுங்கோ. இப்ப வாயைத் திறவுங்கோ."

திறந்தார். மூன்று நாளுக்குப் பிறகு இறங்கிய முதல் கவளம் நெஞ்சில் அடைத்தது. தண்ணீர் குடித்து விழுங்கினார். குதிரைபோலன்றி மனிதருக்குச் சத்தி எடுக்கவும் ஏலும், ஆனால் அதுவும் வரவில்லை.

கொட்டிலிலேயே செபமாலை சொல்லிக்கொண்டு படுத்தார். திங்கள் விடிகாலை ஏதோ விழும் சத்தத்துக்குக் கண் விழித்தார். மணலில் புதுச் சாணம் கிடந்தது. சின்னது, ஈரமில்லாதது, சளி படர்ந்தது. ஆனாலும் சாணம். அவர் அதன் முன்னால் முழங்காலில் இருந்தார். எழுந்து குதிரையின் வலப் பக்க விலாவில் காதை வைத்தார். முதலில் தன் இரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. பிறகு எங்கோ ஆழத்தில், நெடுந்தூரத்துக் கடல் போல, ஒரு இரைச்சல்.

ஒரு பிடி புல்லுக் கொடுக்கலாமா என்று தர்சிகாவிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு நிமிரும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அபூதாஹிர். பின்னால் பனி காயாத புல்லுக்கட்டு. இறக்கி வைத்து முடிச்சைத் தானே அவிழ்த்தார். இந்த முறை தம்பிராசாவை நம்பவில்லை போலும். ஒரு பிடி உருவி அவருடைய கையில் கொடுத்தார்.

"குடுங்க. நான் பாத்துட்டுப் போறன்."

தம்பிராசா நீட்டினார். டயமன் உதட்டால் பொறுக்கி எடுத்து நிதானமாக அரைத்தது. பிறகு தம்பிராசா, "என்னை மன்னிப்பீங்களோ, நானா?" என்று கேட்டார். அபூதாஹிர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, தன்னுடைய பங்கை மன்னித்தாயிற்று, மற்றப் பங்கைக் குதிரையிடம் கேளுங்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை ஜமால்தீன் வந்தார். மற்றக் குதிரையை வாங்காமலே வந்திருந்தார். வந்ததும் நாலு குளம்பையும் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்து இருந்தன. தம்பிராசா ஒதுங்கி நின்றார். வேலை போகும் என்றே நினைத்திருந்தார். போனால் அது நீதி என்றும் நினைத்திருந்தார். ஜமால்தீன் நிமிர்ந்து கயிற்றை எடுத்து அவருடைய கையில் வைத்தார். வாளியை எடுத்துத் தன் மோட்டார் சைக்கிளில் மாட்டினார்.

"கயிறு உங்களிட்ட இருக்கட்டும். வாளி இனி என்னோட. நான் சாகக் கிடந்தாலும் நீங்க இவளுக்குத் தீனி வெக்கக் கூடா."

தம்பிராசா, ஓம் முதலாளி என்றார்.

அன்று பின்னேரம் டயமனை அலை ஓரமாக மெல்ல நடத்திப் போனார். அது வழியில் நின்று வழக்கம்போல அவருடைய சட்டைப் பையை மோந்தது. முன்னெல்லாம் அதில் ஒரு துண்டு பனங்கட்டி இருக்கும். அவர் பையை வெளியே இழுத்துக் காட்டினார். குதிரை நம்பாமல் இன்னொரு தரம் மோந்தது. பிறகு வாலை உயர்த்திச் சாணம் போட்டது. உருண்டை உருண்டையாக, பச்சையும் மஞ்சளுமாக, ஆவி பறக்க. வெயில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். தம்பிராசா குனிந்து ஒரு உருண்டையை விரலால் உடைத்துப் பார்த்தார். நார் நன்றாக அரைபட்டு, ஈரமாக இருந்தது. மற்றக் கையால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கடற்கரையில் சாணம் அள்ளவென்று இடுப்பில் செருகியிருந்த பையை எடுத்து, சூடு ஆறுமுன் எல்லாவற்றையும் கையாலேயே அள்ளத் தொடங்கினார்.